தலைக்கு ஊத்தி ரெண்டு மாசம்

வயிற்று வலிக்குத் தோட்டத்துத் தமிழில் எத்தனை சொற்கள் உண்டு என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன். குத்துது, பிசையுது, சுருட்டுது, இழுக்குது, கவ்வுது, கடுக்குது, எரியுது, பொருமுது. யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு 'நோகுது' என்ற ஒரே சொல் பெரும்பாலும் போதுமாயிருந்தது. மலாயாவுக்கு வந்து, கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக, அதாவது டாக்டரின் உதவியாளாக, ஆறு வருஷம் வேலை பார்த்தபோதுதான் மற்றவற்றைக் கற்றுக்கொண்டேன். 'கடுக்குது' என்று ஒருவன் சொன்னால் மலத்தில் சீதம் இருக்கும். 'சுருட்டுது' என்றால் பூச்சியைத் தேட வேண்டும், பூச்சி இல்லாவிட்டால் குடல் அடைப்பை. 'கவ்வுது' என்பது அபூர்வமாகத்தான் வரும். வந்தால் உடனே பெரிய டாக்டரிடம் போய்விடுவேன். இந்தப் பட்டியலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. அந்தப் பெருமையால் ஒரு தடவை என்ன நேர்ந்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

அப்போது என்னைக் கோலாலம்பூருக்கு மாற்றியிருந்தார்கள். சத்திர சிகிச்சை வார்டில் வேலை, பிரிக்பீல்ட்ஸில் வீடு. அங்கே பெரிய டாக்டர் வெள்ளைக்காரர், அதிகம் பேசாதவர். மலாய் ஓரளவு பேசுவார். தமிழில் 'வலி', 'எங்கே', 'மூச்சு இழு' என்ற மூன்றும் தெரியும். மீதிக்கு நான். முதல் நாளே எனக்கு ஒரு கட்டளை இட்டார்: "அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று சொல். அதற்கு என்ன பொருள் என்று நான் பார்த்துக்கொள்கிறேன்." இரண்டு வருஷம் அப்படித்தான் நடந்தது. பிறகு நான் கொஞ்சம் கொஞ்சமாகப் பொருளையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினேன். அவரும் தடுக்கவில்லை, ஏனென்றால் பெரும்பாலும் அது சரியாயிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டே கால் மணிக்குச் செந்தூலிலிருந்து ஒரு பெண்ணை ரிக்சாவில் கொண்டு வந்தார்கள். வயது இருபத்துநாலு, இருபத்தைந்து இருக்கும். புருஷன் ரயில் பட்டறையில் சம்மட்டி அடிப்பவன். அவளை இறக்கி விட்டுவிட்டு, பட்டறைக்குப் பிந்தினால் அரைநாள் சம்பளம் போய்விடும் என்று ஓடிவிட்டான். அவள் முழங்காலை மடக்கி, ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நாடி தொண்ணூற்றாறு.

"எங்க நோகுது பிள்ளை?"

"அடிவயிறு ஐயா. கவ்விக்கிட்டு விடமாட்டேங்குது."

"எப்ப தொடங்கினது?"

"முந்தாநேத்து வெடியக்காலம். தண்ணிக் கொடத்தத் தூக்குனேன், சுருக்குன்னு புடிச்சிச்சி. ரெண்டு வாட்டி வாந்தி எடுத்தேன்."

"கட்டி ஒண்டு இருக்குது போல?"

"அது எப்பவும் உள்ளதுதான் ஐயா. இப்ப எறங்கிடுச்சு."

"காய்ச்சல் வாறதோ?"

"விட்டு விட்டு வருது. தலைக்கு ஊத்தி ரெண்டு மாசம் ஆச்சு."

பெரிய டாக்டர் கட்டிலின் மறுபக்கம் நின்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னது இது: நெடுநாளாக ஒரு வீக்கம் இருந்தது, இப்போது வற்றிவிட்டது, மாதவிலக்கு நின்று இரண்டு மாதம் ஆகிறது. 'தலைக்கு ஊத்தல' என்பதும் பின்னால் என் பட்டியலில் சேர்த்திருந்த சொல். தோட்டத்துப் பெண்கள் ஆண்களிடம் விலக்கைப் பற்றி நேராகச் சொல்ல மாட்டார்கள். மாதா மாதம் தலைக்கு ஊற்றிக் குளிப்பதை வைத்துக் கணக்குச் சொல்வார்கள். அது தெரியாத டிரசர்கள் பலர் உண்டு. எனக்குத் தெரியும்.

டாக்டர் வயிற்றில் கை வைத்தார். தொப்புளுக்குக் கீழே, நடுவில், கெட்டியாக ஒரு திரட்சி. தொட்டவுடன் அவள் அவர் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். அதற்கு மேல் உள்ளே சோதிக்க அவள் இடம் கொடுக்கவில்லை.

"இரண்டு மாதமா? நாலு மாதம் போலத் தெரிகிறது. இவர்கள் கணக்கு அப்படித்தான்" என்றார். "கர்ப்பம். அது கலையப் பார்க்கிறது, அல்லது கூடவே ஒரு நீர்க்கட்டி இருக்கிறது. இப்போது கத்தி வைத்தால் பிள்ளை போய்விடும். அபின் மருந்து கொடு. படுக்க வை. பொறுத்துப் பார்ப்போம்."

நான் அப்படியே எழுதினேன். மாலை நாலரை மணிக்குப் புருஷன் வந்தான். கை கால் எல்லாம் கரி. மருந்து மயக்கத்தில் அவள் உறங்கிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நிறுத்தி, "பயப்பிடாதே. உன்ர மனிசி பிள்ளைத்தாச்சி போல இருக்கிறா" என்றேன். இப்படிச் சொல்ல எனக்கு யாரும் உத்தரவு கொடுக்கவில்லை.

அவன் முதலில் என் முகத்தைப் பார்த்தான். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். "கலியாணமாகி ஆறு வருசம் ஆச்சுங்கையா" என்றான். வந்ததைவிட வேகமாகத் திரும்பிப் போனான்.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு அவள் நாடி நூற்றுப் பதினாலு. நாக்கு உலர்ந்திருந்தது. இரத்தப்போக்கு இல்லை. கர்ப்பம் கலைவதானால் இதற்குள் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். பத்தரை மணிக்கு மற்றக் கட்டில்களைப் பார்த்து முடித்து, அதையே எண்ணிக்கொண்டு நிற்கையில், வார்டு ஆயா துணி மாற்றிய வாளியோடு என் எதிரில் வந்து நின்றாள். செந்தூலில் பிறந்து வளர்ந்தவள். வார்டில் அவள் நாக்குக்குப் பயப்படாதவர் பெரிய டாக்டர் ஒருவர்தான். காரணம் அவருக்குத் தமிழ் தெரியாது.

"ஏன் டிரசரய்யா, அந்தப் புள்ளைக்கு என்னான்னு எழுதி வச்சிருக்கீங்க?"

"பிள்ளைத்தாச்சி எண்டு."

"நல்லா எழுதுனீங்க லா. இந்தத் திங்கக்கெழமதான் தூரம் முடிஞ்சிச்சாம். தூரத்துணிகூட இன்னும் கொடியில காயுதாம். அதுக்குள்ளயா நாலு மாசம்?"

"தலைக்கு ஊத்தி ரெண்டு மாசம் எண்டு அவ தானே சொன்னவ."

ஆயா வாளியைக் கீழே வைத்துவிட்டாள். "காய்ச்சக்காரி தலைக்கு ஊத்துவாளா? குளிரு ஏறிடாது? ரெண்டு மாசமாக் காய்ச்சல்ல கெடக்குறேன், தலையில தண்ணி படல, அப்டின்னு சொல்லியிருக்கா. ஏய்யா, தெரியலன்னா தெரியலன்னு கேக்கக் கூடாதா? யாழ்ப்பாணத்துப் படிப்பு, ஒரு புள்ளையையே உண்டாக்கிருச்சே!"

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். எனக்குக் காது சூடேறியது. ஆனால் ஆயா சொன்னது சரி. நான் கேட்டது 'காய்ச்சல் வருகிறதா' என்று. அவள் பதில் சொன்னதும் காய்ச்சலுக்குத்தான். நோயாளிகள் சொல்வதை நான் எழுதி வைக்கும் டைரியில் வாக்கியம் அவள் சொன்ன ஒழுங்கிலேயே இருந்தது. பொருளை மட்டும் நான் என் பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டேன்.

ஒரு சொல் பிழைத்தால் மற்றச் சொற்களையும் திரும்பிப் பார்க்க வேண்டும். எழுதியதை எடுத்துக்கொண்டு அவள் கட்டிலருகே போய் உட்கார்ந்தேன்.

"பிள்ளை, கட்டி எறங்கிட்டுது எண்டு நேற்றுச் சொன்னீர். வத்திப்போச்சோ?"

"வத்தலையே ஐயா." அவள் குரல் மெல்லியதாக இருந்தது. "மேல இருந்துச்சு. கீழ எறங்கிடுச்சு."

"மேல எங்க?"

இடது விலாவுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். "காய்ச்சக் கட்டி. படுத்தா மேல போயிரும். எந்திரிச்சு நடந்தா அடிவயித்துக்கு வந்து தொட்டிலு மாதிரி ஆடும். கையால தள்ளி விட்டுக்குவேன். முந்தாநேத்துலேர்ந்து தள்ளினா போகமாட்டேங்குது." பிறகு என்னைப் பார்த்து, "ஐயாவுக்கு என்னத் தெரியலையா? கிள்ளான் பக்கத்து எஸ்டேட்டுல பெரட்டுக்கு வர்றப்ப கொய்னாத் தண்ணி குடுத்து வாயத் தொறன்னு பாப்பீங்களே. நான் கன்னத்துல அடக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போய்த் துப்பிருவேன். ஒரு நாளு புடிச்சிட்டீங்க."

முகம் நினைவில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில், விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்ற ஒவ்வொருவர் வயிற்றையும் நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கொய்னா கொடுத்தது மலைக்காய்ச்சலுக்கு, அதாவது மலேரியாவுக்கு; அது அடிக்கடி வந்தால் மண்ணீரல் பெருக்கும். விலா எலும்புக்குக் கீழே எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்று வருஷத்துக்கு இரண்டு தடவை அளந்து எழுதுவோம். அதைத்தான் அவர்கள் காய்ச்சக் கட்டி என்பார்கள். அந்தப் புத்தகத்தின் நகல் என் வீட்டில் இருந்தது.

அவளை மல்லாக்கப் படுக்கச் சொல்லி இடது விலாவின் மேல் விரலை வைத்துத் தட்டினேன். மண்ணீரல் இருக்கும் இடத்தில் பலகையைத் தட்டியது போலச் சத்தம் வர வேண்டும். இங்கே மேளம் போல் ஒலித்தது. இரண்டு மாதமாகக் காய்ச்சலில் கிடக்கும் ஒருத்திக்கு அங்கே மண்ணீரல் கைக்குத் தட்டுப்படவே இல்லை. அது அங்கே இல்லையென்றால், அவள் அடிவயிற்றில் இருப்பது எது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படி இடம் பெயர்கிற மண்ணீரலை நான் கண்டதில்லை. உண்டு என்று படித்திருந்தேன், ஒரு பத்தி. அது தன் காம்பிலேயே முறுக்கிக்கொண்டால் இரத்தம் ஓடாது, அழுகத் தொடங்கும் என்பதும் அந்தப் பத்தியில் இருந்தது.

மணி பதினொன்று இருபது. சனிக்கிழமைகளில் பெரிய டாக்டர் ஒரு மணிக்குப் போய்விடுவார். நாடி நூற்றிருபது. வாயால் மட்டும் போய்ச் சொன்னால், நேற்று ஒன்று சொன்ன அதே வாய்தானே என்று அவர் நினைக்கலாம். அவளிடம் தோட்டத்து எண்ணையும் அங்கிருந்த வருஷத்தையும் கேட்டுக்கொண்டு, சைக்கிளில் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். தேட வேண்டியிருக்கவில்லை, என் புத்தகங்கள் வருஷ வரிசையில் இருக்கும். சாப்பாடு போடட்டா என்று வீட்டில் கேட்டதற்குப் பதில் சொன்னதாக நினைவில்லை. பன்னிரண்டு இருபதுக்கு டாக்டர் அறை வாசலில் நின்றேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஐயா, நேற்று நான் இரண்டு பிழை விட்டேன்" என்று தொடங்கினேன். இரண்டையும் சொன்னேன். தலைக்கு ஊற்றுவது என்றால் என்ன, இறங்கிவிட்டது என்றால் என்ன என்று விளக்கினேன். அவர் பேனாவைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"விலாவின் கீழே தட்டிப் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"என்ன ஒலி?"

"மேளம்."

"முன்பு அங்கே மண்ணீரல் இருந்ததற்கு என்ன சாட்சி?"

புத்தகத்தைத் திறந்து அவர் முன் வைத்தேன். அவள் தோட்டத்து எண், வயது, 'மண்ணீரல் ஐந்து விரல்' என்று என் கையெழுத்து. பக்கத்தில் 'அசைகிறது' என்று ஒரு சொல். ஏன் அப்படி எழுதினேன் என்று அன்று எனக்கே தெரிந்திருக்காது. கையில் பட்டதை எழுதினேன், அவ்வளவுதான்.

டாக்டர் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, அது என்ன என்று கேட்டார். சொன்னேன். எழுந்து நேராக வார்டுக்குப் போனார். தட்டினார், நாடி பார்த்தார், அவள் காட்டிய இடங்களை அவள் காட்டிய ஒழுங்கில் தொட்டார். "இரண்டு மணிக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆபரேஷன் அறையைத் தயார் செய்யப் போனார். புருஷனிடம் சம்மதம் வாங்குவது என் வேலை.

சனிக்கிழமை பட்டறையில் அரைநாள். ஒன்றேகால் மணிக்கு அவன் வந்தான். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கையில் ஒரு பொட்டலம். பொட்டலத்தில் பாசார்ச் சந்தையில் வாங்கிய பச்சை மாங்காய்கள்.

நான் சொல்லி முடிக்கும்வரை அவன் அந்தப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்ப புள்ள இல்லையா?"

"இல்லை. நான் பிழையாச் சொல்லிப்போட்டன். அது என்ர பிழை."

"நேத்துப் புள்ளைன்னீங்க. இன்னிக்குக் கட்டிங்கிறீங்க. வயித்தக் கிழிச்சுப் பாத்துட்டு நாளைக்கு என்னான்னு சொல்வீங்க?" அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு இலகுவாயிருந்திருக்கும். "நான் வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேங்கையா. கைநாட்டு வைக்க மாட்டேன்."

அவனிடம் புத்தகத்தைக் காட்டினேன். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. வீட்டுக்குக் கொண்டு போனால் இரண்டு நாள் தாங்க மாட்டாள் என்றேன். நேற்று அவ்வளவு நிச்சயமாகப் பேசிய ஆள் இன்றைக்கும் அவ்வளவு நிச்சயமாகப் பேசினால் யார் நம்புவார்? கடைசியில் எனக்குத் தோன்றிய ஒன்றைச் செய்தேன். "நான் சொல்லவேண்டாம். அவவையே கேள்" என்று கட்டிலருகே அழைத்துப் போனேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். மாங்காயைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"மாமா, இது என்னாத்துக்கு?"

"ஐயா நேத்து சொன்னாரு..."

"அவரு சொன்னா? என் வயித்துல என்னா இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நீ பாக்காத கட்டியா? எத்தன வாட்டி ஒன் கையப் புடிச்சி வச்சுக் காட்டுனேன்."

அவன் அவள் வயிற்றைப் பார்த்தான். "அந்தக் கட்டியா?" என்றான்.

"அதேதான். முறுக்கிக்கிச்சு. வச்சுக் குடு மாமா. வலி தாங்கல."

அவன் பொட்டலத்தைக் கட்டிலின் கீழே வைத்துவிட்டுக் கட்டை விரலை என் பக்கம் நீட்டினான். மை தடவி நானே பிடித்து வைத்தேன். மணி ஒன்று ஐம்பது.

ஆபரேஷனுக்கு என்னையும் உள்ளே வரச் சொன்னார் டாக்டர். மயக்க மருந்து கொடுத்தது வேறொரு டிரசர். மயக்கத்தில் வயிறு தளர்ந்ததும் டாக்டர் அந்தத் திரட்சியை இரண்டு கையாலும் சுற்றித் தடவினார். பிறகு என் கையை எடுத்து அதன் ஓரத்தில் வைத்தார். விளிம்பில் ஒரு விரல் நுனி புதையும் அளவுக்கு, வெட்டியது போல ஒரு பள்ளம் இருந்தது. கர்ப்பப்பைக்கும் நீர்க்கட்டிக்கும் அப்படி விளிம்பு கிடையாது. பெரட்டுக் களத்தில் ஆயிரம் வயிற்றில் தொட்டுப் பழகிய பள்ளம் அது. இருக்க வேண்டிய இடத்தைவிட்டு ஒரு சாண் கீழே இருந்தது.

"இப்போது சொல்" என்றார். "பொருளையும் சேர்த்துச் சொல்லலாம்."

"மண்ணீரல்" என்றேன்.

வயிற்றைத் திறந்தபோது அது முற்றிய கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. காம்பு ஈரத்துணியைப் பிழிந்தது போல் மூன்று சுற்று முறுக்கியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தார், நிறம் திரும்பவில்லை. காம்பை இரண்டு இடத்தில் கட்டி அறுத்து எடுத்துவிட்டார். பக்கத்தில் கர்ப்பப்பை சிறியதாக, சுத்தமாக இருந்தது. அதையும் எனக்குக் காட்டினார். தோல் தைத்து முடிக்கையில் மணி மூன்று ஐந்து, நாடி நூற்றெட்டு.

வெளியே வந்து புருஷனிடம் சொன்னேன், இந்தத் தடவை கண்டதை மட்டும். கட்டி எடுத்தாயிற்று. மூச்சு சரியாக இருக்கிறது. நாளைக் காலை வரை பயம் உண்டு. கர்ப்பப்பைக்கு ஒரு குறையும் இல்லை என்றும் சொல்லி, "அதை டாக்டர் ஐயா தன் கண்ணால் பார்த்தவர்" என்று சேர்த்தேன். அவன் தலையசைத்தான். என்னைக் கும்பிடவில்லை. அது நியாயம்தான்.

நாலாம் நாள் காய்ச்சல் ஒன்று வந்து போனது. பத்தாம் நாள் தையல் பிரித்தோம். அதற்குள் ஆயா அந்த மாங்காய்களை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு வார்டு முழுவதற்கும் பங்கிட்டு முடித்திருந்தாள். "புள்ள உண்டாக்குன டிரசருக்கும் ஒரு துண்டு" என்று எனக்கும் கொண்டு வந்து கொடுத்தாள். வாங்கித் தின்றேன். நல்ல புளிப்பு.

பதினாலாம் நாள் காலை பெரிய டாக்டரோடு சுற்றி வந்தபோது, அவள் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருந்தாள். முகத்தில் சதை பிடிக்கத் தொடங்கியிருந்தது. டாக்டர் வழக்கம் போல் என்னைப் பார்த்தார், அவள் என்ன சொல்கிறாள் என்று.

"டிரசரய்யா," என்றாள் அவள், "தலைக்கு ஊத்திக்கலாமான்னு தொரைகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

நான் டைரியைத் திறந்து, பேனாவைக் கையில் எடுத்து, எழுதாமல் நின்றேன்.

"எதுக்குப் பிள்ளை?"

ஆயா பின்னால் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கட்டிலில் இருந்தவள் என்னை ஒரு கணம் பார்த்தாள், கிண்டல் செய்கிறேனோ என்பது போல.

"தலை நாறுதுங்கையா. வேற எதுக்கு?"

அப்படியே மொழிபெயர்த்தேன், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். வெந்நீரில் குளிக்கலாம் என்றார் டாக்டர்.